உயிர் இருக்கிறது என்று மச்சான் எழுத வேண்டும்

பட்டாளத்தாருக்குக் கட்டைவிரலில் ரேகை கிடையாது. இருபத்திரண்டு வருஷம் பீரங்கிக் குழலைத் துடைத்துத் துடைத்து, குழல் பளபளத்தது, விரல் மழுங்கிவிட்டது. ஓய்வூதிய அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். இந்த வருஷம் அதற்கென்று ஒரு மெஷின் வைத்துவிட்டார்கள். ஏழு தடவை விரலை அமுக்கியும் அது அசைந்து கொடுக்கவில்லை.

"மெஷின் உங்கள ஒத்துக்க மாட்டேங்குது சார்," என்றார் கிளார்க்.

"நேர்ல நிக்கிறேன், பேசுறேன். இன்னும் என்னய்யா வேணும்?"

"பெரிய மனுஷங்க கையெழுத்து வேணும். கெஜட்டட் ஆபீசர், இல்லன்னா மாஜி எம்.எல்.ஏ. நாளைக்குத்தான் கடைசி நாள். விட்டா பென்ஷன் நின்னுடும்."

பட்டாளத்தார் முகம் சுண்டிப்போனது. ஆபீசர் யாரையும் அவருக்குத் தெரியாது. மாஜி எம்.எல்.ஏ. ஒருத்தரை நன்றாகவே தெரியும். வீட்டுக்காரியின் அண்ணன்.

"அதுக்கு நான் செத்துட்டேன்னே எழுதிக்கங்க."

"அதுக்கு வேற ஃபாரம் சார். அதுல நீங்க கையெழுத்துப் போட முடியாது."

மச்சானோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம் ஆகிறது. ஒரு கல்யாணப் பந்தியில் பென்ஷன் பேச்சு வந்ததுதான் வினை. மச்சான் சட்டசபையில் இருந்தது இரண்டரை வருஷம். அதற்குள் சபையே கலைந்துவிட்டது. ஆனாலும் அவர் பென்ஷன் இவருடையதைப் போல ஒன்றரை மடங்கு. ரயிலில் இலவசம், கூட வருகிறவருக்கும் இலவசம். "பனியில நின்னவனுக்கு இவ்வளவுதானா?" என்று இவர் கேட்க, "நானும்தான் மாப்ள நின்னேன், மூணு தடவை. ரெண்டு தடவை டெபாசிட்டே போச்சு," என்றார் மச்சான். பந்தியே சிரித்தது. இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

"எங்கண்ணன் கையெழுத்துப் போட்டா உங்க மீசை கொட்டிடுமா?" என்று வீட்டுக்காரி விரட்டியதில், மறுநாள் காலை மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க மாப்ள. வழி தவறி வந்துட்டீங்களா?"

ஃபாரத்தை நீட்டினார். மச்சான் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷம். போட்ட இடம், ஓய்வுபெற்ற ராணுவ வீரர் போட வேண்டிய இடம்.

"என் இருபத்திரண்டு வருஷத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்களே."

"அடடா. சரி, உங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் இதே கூத்தா?"

"உங்களுக்கு?"

"என்னை யாரு கேக்கறா? பேப்பர்ல சாவுச் செய்தி வரலன்னா உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

திருத்திய ஃபாரம் செல்லாது என்பதால் இருவரும் ஆபீசுக்கே போனார்கள். மாஜியைக் கண்டதும் கிளார்க் எழுந்து தன் நாற்காலியைப் போட்டார். பட்டாளத்தார் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார், இவரு உயிரோட இருக்காரா?"

மச்சான் நாற்காலியில் சாய்ந்து, இவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"இருக்காரு. கோபமா இருக்காரு."

"கோபத்துக்குக் கட்டம் இல்ல சார்," என்று கிளார்க் புது ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி முத்திரை குத்தினார். "உங்க விரல் இனி தேறாது. வருஷா வருஷம் இவரையே கூட்டிட்டு வந்துடுங்க."

வாசல் படியில் மச்சான் லேசாக இருமினார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று பட்டாளத்தார் பதறிப்போய்க் கேட்டார்.