ஒட்டுப்பால் பந்து

பேத்தியும் அடுத்த வீட்டுப் பையனும் ஒரே பந்துக்கு மல்லுக்கட்டினார்கள். நான் அதை வாங்கிக்கொண்டேன். புது ரப்பர் மணம் மூக்கில் ஏறியது. கண் தானாக மூடிக்கொண்டது.

குலசேகரம் திருவிதாங்கூரில் இருந்த காலம். விடியற்பனியில் அப்பா ரப்பர் வெட்டப் போவார். மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடா நாடாவாக உரித்து, எங்களுக்கென்று கொஞ்சம் மடியில் கொண்டுவருவார். அந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றித்தான் எங்களுக்குப் பந்து.

இரண்டு வயதுத் தம்பி, நெல்லிக்காய் அளவுப் பந்தை நெஞ்சோடு அணைத்தபடியே தூங்குவான். பக்கத்து வீட்டு மேரி கை நீட்டினால் போதும், ஊரைக் கூட்டிவிடுவான்.

அம்மா பிடுங்கவில்லை. "மேரிக்கிட்ட ஒருக்கா குடு மக்கா. அவ ஒரு சுத்து சுத்தித் தருவா. பந்து வளரும்" என்றாள்.

மூச்சை அடக்கிக்கொண்டு கொடுத்தான். மேரி தன் வீட்டு ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றித் திருப்பித் தந்தாள். அவன் முகர்ந்தான், அமுக்கினான், சிரித்தான். அப்புறம் "சுத்து, சுத்து" என்று வீடு வீடாக அவனே நீட்டிக்கொண்டு நடந்தான்.

மரங்கள் இலை உதிர்ப்பதற்குள் பந்து பூசணிக்காயாகிவிட்டது. ஒருநாள் அணைக்கப் பார்த்தான், கை எட்டவில்லை. அழப்போகிறான் என்றிருந்தோம். அவனோ மேரியைப் பார்த்து அதை உருட்டிவிட்டான்.

"தாத்தா, எங்க பந்தைத் தாங்க!"

கண் திறந்தேன். பேத்தியும் அந்தப் பையனும் ஒன்றாகக் கை நீட்டி நின்றார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தது நான்தான்.