கடைசிக் கால் சுற்று

பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மெஷின்களுக்கு நான் ஃபிட்டர். கடலை வாழ்நாளில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இருந்தும் ஒரு படகு மோட்டார் என்னிடம் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே டெய்லராக இருப்பவர். ஊரில் அவருடைய தம்பி மீன் பிடிக்கிறார். தம்பியின் பழைய மோட்டாரில், இஞ்சினின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்று இறங்கும் துளையில் மரை தேய்ந்துவிட்டது. மோட்டாரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினார்.

"உங்களால முடியும்லா அண்ணே?"

"இதென்னங்க பெரிய வேலை" என்றேன். இந்த வாய்தான் எனக்கு எப்போதும் எதிரி.

தேய்ந்த துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் எஃகுக் கம்பிச்சுருள் ஒன்றைத் திருகி இறக்க வேண்டும். போல்ட் அந்தச் சுருளில் பிடித்துக்கொள்ளும். ட்ரில் போடும்போது என் கை ஒரு நொடி சாய்ந்தது. துளையும் சாய்ந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போல்ட்டை முடுக்கியபோது, கடைசிக் கால் சுற்றில் ஸ்பேனர் இறுகாமல் மெத்தென்று போனது. கைக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்த்தோம், நன்றாகவே ஓடியது. "ஆச்சுங்க, கொண்டு போங்க" என்றேன். என் மெஷினில் ஒரு போல்ட் தளர்ந்தால் துணியில் கோடு விழும், சுவிட்சை அணைத்துவிடலாம். அந்த நினைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

மோட்டார் ஊர் போன பிறகுதான் பயம் வந்தது. டிவியில் காற்று என்று யாராவது சொன்னாலே சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் போன் அடித்தால் வெட்கமில்லாமல் சுவரில் காதை வைத்தேன்.

நான்காம் நாள் மாலை அவர் வந்து நின்றார்.

"காலைல போனவன் மதியமே வந்திரணும். இன்னும் காணல அண்ணே. போனும் போகல."

நடுக்கடலில் போல்ட் பிடுங்கிக்கொண்டு மோட்டார் அடங்குவதும், முகம் தெரியாத அந்த மனிதர் அலையோடு போவதும் கண்முன் வந்து நின்றன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். "வந்துருவாருங்க" என்றேன். ஒரு மணி நேரம் அவர் ஜெபம் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறவனாக நடித்தேன்.

போன் வந்தது. "கரைக்கு வந்துட்டான்!" என்று கத்தினார். வலையில் மீன் நிறையப் பட்டதால் தாமதமாம். சிரித்துக்கொண்டே போனை என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, மோட்டார் அருமையா ஓடுது" என்றார் தம்பி. "நாளைக்கு இன்னும் ஆழத்துக்குப் போறேன், உங்க வேலய நம்பித்தான்."

சரிங்க என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். எவ்வளவு சுலபம்!

"போகாதீங்க" என்றேன். "அந்த போல்ட்டு நிக்காதுங்க. எனக்கு அன்னிக்கே தெரியுங்க."

பக்கத்தில் நின்றவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.