கழித்து எழுதிய எடை

நான் ஏறி இறங்கிய அறைகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வீட்டில் யார் சமைப்பது? எடைக் குறைப்புச் சத்திர சிகிச்சைக்கு அனுமதி கேட்டுச் செல்பவன் அதற்கு விடை சொல்லியாக வேண்டும். நான்தான் என்பேன். மனைவி? இறந்துவிட்டார் என்பேன். பேனா ஒரு கணம் நிற்கும். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விடும். போசணை ஆலோசகர் கேட்டதை உளநல வைத்தியர் கேட்டார். அவர் கேட்டதை மயக்க மருந்து வைத்தியரும் கேட்டார். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்திருந்தால், என் மனைவியை நான் அத்தனை தடவை சாகவிட்டிருக்க வேண்டியதில்லை.

முழங்கால் வைத்தியரிடம்தான் முதலில் போனேன். எடையைக் குறைத்துவிட்டு வந்தால் முழங்காலைப் பார்க்கலாம் என்றார். பட்டினி கிடந்தும் குறையவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் சிகிச்சை இருக்கிறது என்று தலைநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே, சிகிச்சைக்கு முன்னர் ஆறு மாதம் ஊர்க் கிளினிக்கில் மாதந்தோறும் நிறுத்து, கட்டுப்பாடாக இருப்பதைக் காட்ட வேண்டும் என்றார்கள். எடையைக் குறைக்க இயலாமல் வந்தவன், தன்னால் அது இயலும் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். இந்த வாதத்தை நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். அதில் நுழைவதற்கு வழி இருந்தது, வெளியேறுவதற்கு இல்லை.

எதற்காக இந்தச் சிகிச்சை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது. என் மனைவியை லிந்துலைக்கு மேலே, அவர் பிறந்த தோட்டத்தின் மயானத்தில் புதைத்திருக்கிறோம். தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறும் பாதை அது. பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை, சாலையோடு நின்றுவிடுவார்கள். அன்று ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போக, ஏற முடியாத நான் பெண்களோடு சாலையில் நின்றேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தம்பிதான் எல்லாம் செய்தார். அந்த இடத்தை நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்தத் தம்பியே, அதாவது என் மச்சானே, ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக்கு என்னோடு வருவார். ஹற்றனில் பஸ் ஏறியதும் தொடங்கிவிடுவார்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க மச்சான். கண்டக்டர் பாத்தான்னா ஒங்களுக்கு ஒரு டிக்கட்டு, ஒங்க வயித்துக்கு ஒரு டிக்கட்டுன்னு கிழிச்சிருவான்."

கிளினிக்கில் எடை பார்ப்பது ஒரு சிற்றூழியப் பெண். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தராசு முள்ளை அவர் பார்ப்பார், கொப்பியில் எழுதுவார், "சேர் நல்லா கொறஞ்சிட்டீங்க" என்பார். மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மாதங்களில் என்னிடம் யாரும் வேறு நல்ல செய்தி சொன்னதாக நினைவில்லை.

ஆறு மாதம் முடிந்து தலைநகரத்துக்குப் போனோம். அங்கே குளிரூட்டிய அறையில், ஸ்வெட்டரோடும் சப்பாத்தோடும் அப்படியே தங்கள் தராசில் ஏற்றினார்கள். கிளினிக் கொப்பியில் இருந்ததைவிட நான்கு கிலோ கூடுதல்! இளம் வைத்தியர் கொப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மாதத்தில் நான்கு கிலோ கூடியிருக்கிறது, துணையை இழந்தவர்கள் இப்படிச் சாப்பிட்டுத் தீர்ப்பது உண்டு என்று ஆங்கிலத்தில் இரக்கத்தோடு சொன்னார். இன்னும் ஆறு மாதம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு வரச் சொன்னார். உங்கள் தராசு சரிதானா என்று கேட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று புன்னகைத்தார். அவித்த பயறும் கீரையும் தின்று அந்த மாதத்தைக் கழித்தவன் நான். குரலை உயர்த்தாமல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஊர் திரும்பியதும் நேராக அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டோம். அவர் சற்றும் தடுமாறவில்லை.

"ஆமா சேர், கழிச்சிதான் எழுதுனேன். நீங்க ஸ்வெட்டரோட தானே ஏறுனீங்க? அதுக்கு ரெண்டு. சப்பாத்துக்கு ஒன்னு."

"இன்னும் ஒரு கிலோ இருக்கே?" என்றேன்.

"அது சும்மா சேர். கொறையலன்னா டாக்டரய்யா ஏசுவாரு. வீட்டம்மாவும் இல்லாத மனுசன் எதுக்கு ஏச்சு வேற வாங்கணும்னு..."

பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிப்பது தோட்டங்களில் பழைய வழக்கம். மச்சான் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும்.

"ஏம்மா, இவர் என்ன ஈரக் கொழுந்தா?" என்றார்.

"எங்கம்மாவுக்கு வாழ்நாள் பூரா கழிச்சாங்க. அவங்களுக்கு அது நட்டம். சேருக்குக் கழிச்சா லாபம்னு நெனச்சேன்" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பாப் போச்சுங்களா?" என்று கேட்டார்.

கோபப்பட நான் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் மச்சான் சொன்னார்: "ஒரு கடுதாசி எழுதுங்க மச்சான். நடந்தத நடந்தபடி எழுதுனா நாளைக்கே கூப்புடுவாங்க. ஆயுசு பூரா ஆபீசுல கடுதாசி எழுதுன ஆளு நீங்க."

"அந்தப் பொண்ணு இன்னும் நிரந்தரமாகல. எழுதுனா அவ வேல போயிரும்."

"அப்ப இன்னும் ஆறு மாசமா? அதுக்குள்ள அக்காவுக்கு வருசத் தெவசம் வந்துருமே."

"நீங்களே ஏறி எல்லாத்தையும் செஞ்சிருங்க."

டிக்கோயா தாண்டியதும், "அக்கா எங்கயும் போயிற மாட்டா, மச்சான்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் கிளினிக்கில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். சீமெந்துத் தரை பனிபோலக் குளிர்ந்தது. தராசில் ஏறி நின்று, "எதையும் கழிக்கக் கூடாது" என்றேன்.

அவர் முள்ளைக் குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அரைக் கிலோ மட்டும் சேர்? சட்டைப் பையில கண்ணாடி இருக்கே."

கண்ணாடியை எடுத்து மச்சான் கையில் கொடுத்தேன். அது இல்லாமல் முள்ளும் தெரியவில்லை, கொப்பியும் தெரியவில்லை. பேனா ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

"என்னம்மா எழுதுன?"

"உள்ளத எழுதியிருக்கேன் சேர்" என்றார், மிகுந்த வருத்தத்துடன்.