எதிரிக் கம்பஸுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை

பகல் ஒரு மணிக்கு மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கினேன். கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இடுப்பு விட்டுப்போயிற்று, ஆனால் உற்சாகம் குறையவில்லை. அக்காவின் மகள் ஷரோனுக்குக் கொழும்பில் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருந்தன. ஒன்றில் நான் விரிவுரையாளர். மற்றது அதே வீதியின் அடுத்த முனையில் இருக்கும் எங்கள் பரம எதிரி. அன்று மாலை ஆறு மணிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். சும்மா விடுவேனா?

வங்காலைக்கு ஓட்டோ பிடித்தேன். பஸ் நிலையத்து வாசலில் கழுதைகள் விலகுவதாக இல்லை. பாலம் தாண்டுகையில் கடல் நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. விசயத்தைக் கேட்ட ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ரோட்டிலயோ? அப்ப பஸ் எங்க நிக்குதோ அங்க சேர்க்க வேண்டியதுதானே, மிஸ்!"

இரண்டு மணிக்கு வீட்டுப் படியேறினால், அத்தானின் தம்பி ஜெயராஜ் கதிரையில் சாய்ந்திருக்கிறார்! எதிரிக் கம்பஸின் பழைய மாணவர். எனக்கு முன்பே வந்து இடம் பிடித்துவிட்டார்.

"என்ன மச்சாள், ஆள் பிடிக்க வந்தனீங்களோ?"

"நீங்கள் நண்டு தின்ன மட்டுமோ வந்தனீங்கள்?"

"முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு சண்டை பிடியுங்கோ" என்று அக்கா நண்டுக் கறியை நடுவில் வைத்தாள். அந்தக் கறிக்கு முன்னால் எந்தக் கம்பஸும் நிற்காது. ஆனாலும் நான் எங்கள் நூலகத்தைப் புகழ, அவர் தங்கள் ஆய்வுகூடத்தைப் புகழ, அத்தான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நண்டுக்கால் உடைத்தார்.

ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். வள்ளங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் கூட வந்த ஷரோன் நின்றாள்.

"சின்னம்மா, நான் மற்றக் கம்பஸுக்குத்தான் போப்போறன்."

ஜெயராஜ் விசிலடித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனடி, எங்கட கம்பஸில என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. அங்க வந்தா நாலு வருசமும் உங்களை மேடம் எண்டு கூப்பிடோணும். தாளும் நீங்கள்தான் திருத்துவியள், வீட்டை வந்தும் ஏச்சு விழும். மற்றதுக்குப் போனா, பின்னேரம் வந்து உங்களோட இருந்து அவையளைப் பற்றிக் குறை சொல்லலாம். உங்கட வீட்டிலதானே நிப்பன்? ஒரு கட்டில் போடுங்கோ."

என் வீட்டிலா? பல வருடமாகத் தனியே சமைத்துத் தனியே சாப்பிடுகிறவள் நான். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். கண் கலங்கியதை ஜெயராஜ் பார்த்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் காலை திரும்பும் பஸ்ஸில், பக்கத்து இருக்கை அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"கொழும்பில தனியவோ இருக்கிறீங்கள்?"

"இதுவரைக்கும் ஓம். அடுத்த மாதம் எங்கட பிள்ளை படிக்க வாறாள்."

"எந்தக் கம்பஸ்?"

எதிரியின் பெயரைச் சொன்னேன். கேட்காமலே, "நல்ல கம்பஸ், அம்மா" என்றும் சொன்னேன்.