பெரிய ஏரியில் இன்னொரு சுற்று

ஆடி மாதம் இருபத்தைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. ஆற்றில் தண்ணீர் இரண்டு அடி ஏழு அங்குலம். அப்பா வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிடும் ஷட்டர் வரை நடந்துபோய், கல்லில் வரைந்திருந்த அளவுகோலைப் பார்த்து அலுவலகப் புத்தகத்தில் எழுதிவிட்டு, வீட்டில் தனக்கென்று வைத்திருந்த கோடு போட்ட நோட்டிலும் ஒரு நகல் எழுதினார். அம்மா இட்லிப் பானையை ஏற்றினாள். நான் வாசல் தெளித்தேன். வழக்கத்துக்கு மாறாக இருந்தது ஒன்றுதான்: வீடு முழுவதும் புது ரப்பர் வாசனை, புதுச் செருப்பையும் பலூனையும் ஒரே பெட்டிக்குள் பூட்டி வைத்துத் திறந்ததுபோல.

வாசனை மாமாவின் படகிலிருந்து வந்தது. அம்மாவின் தம்பி செல்வம் மாமா சிங்கப்பூரில் வேலை செய்தார். அந்த விடுமுறைக்கு வரும்போது சேலைகளுக்கும் சோப்புகளுக்கும் நடுவில், மடித்துக் கட்டிய ஆரஞ்சு நிறக் காற்றுப் படகு ஒன்றும் இரண்டு துடுப்புகளும் காலால் மிதிக்கும் பம்பும் கொண்டுவந்திருந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம். அதற்குள் அம்மாவை அதில் ஏற்றிப் பெரிய ஏரிவரை கூட்டிப்போவது என்று முடிவுசெய்திருந்தார். “பதிமூணு வருஷமா ஆத்தங்கரையிலேயே குடியிருக்க. ஒரு நாளாவது இந்தத் தண்ணியில எங்கயாவது போயிருக்கியாக்கா? பாத்திரம் கழுவத்தானே எறங்கியிருக்க?” என்று அவர் கேட்டார். அம்மா சனிக்கிழமை மத்தியானமே புளியைக் கரைத்து வைத்துவிட்டாள்.

அப்பா பாசனத் துறையில் “லஸ்கர்”. ஷட்டர்களை ஏற்றி இறக்குவதும், கரையில் சைக்கிளில் ரோந்து போவதும் அவர் வேலை. ஷட்டரை ஒட்டி இருந்த அரசாங்க வீடு எங்கள் வீடு. அந்த இடத்தில் ஆறு இரண்டாகப் பிரியும். மேற்குக் கிளை நாலு கிலோமீட்டர் போய்ப் பெரிய ஏரியில் விழும். கிழக்குக் கிளை கடைமடை வயல்களுக்குப் போகும். இரண்டுக்கும் சேர்ந்தாற்போலத் தண்ணீர் காணாது என்பதால் ஆறு நாள் அதற்கு, ஆறு நாள் இதற்கு. இதைத்தான் “முறை” என்பார்கள். எந்த நாள் யாருக்கு முறை என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம், சிங்கப்பூரிலிருந்து வந்தவருக்கும்கூட. அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தத் தடவை மேற்குக்குத் திங்கட்கிழமை காலைவரை தண்ணீர்.

சனிக்கிழமை மாலை அப்பா ரோந்து போயிருந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வாசலில் நான்தான் இருந்தேன். “கிழக்க நாத்து காயுதாம் பாப்பா. திங்கக்கெழம வேணாம், நாளைக்கு மூணு மணிக்கே மேற்க அடைச்சுட்டுக் கிழக்க தொறக்கச் சொல்லு அப்பாவ” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வந்ததும் சொன்னேன். அவர் கால் கழுவிக்கொண்டே, “சரி. ஒங்க மாமாகிட்டயும் சொல்லிடு. மூணு மணிக்குள்ள படகு கரை ஏறிடணும்” என்றார்.

நான் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஏரிக்குப் போக இரண்டு மணி நேரம், எதிர்த்தண்ணீரில் திரும்பிவர மூன்று மணி நேரம் என்று மாமா கணக்குப் போட்டிருந்தார். நேரம் போதாவிட்டால் பாதி வழியில் இருக்கும் மதகோடு திரும்பிவிடலாம் என்றும் ஒருமுறை சொல்லியிருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. மதகை நூறு தடவை பார்த்தாகிவிட்டது. ஏரியைப் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அப்பா அதற்கு முன்பே கிழக்குக் கரைக்குப் போய்விட்டார். அம்மா படகில் ஒரு காலை வைத்ததும் அது நழுவியது, “அய்யோ, இது என்னடா உசுரோட இருக்கு!” என்று கத்தினாள். மாமா, “உக்காருக்கா. திங்கக்கெழம வரைக்கும் ஆறு நம்மளுது” என்றார். நான் புளிச்சோற்றுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரே எங்களைக் கொண்டுபோனது. கரையில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, “லஸ்கர் வீட்டம்மா கப்பல்ல போறாங்கடி! சிங்கப்பூருக்கா?” என்று கேட்டார்கள். “ஆமா, சாயந்தரம் வந்துடுவேன். ஒங்களுக்கு என்ன வேணும்?” என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அவள் ஊர்ப் பெண்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மதகில் படகைத் தூக்கி மறுபக்கம் விட்டோம். பதினொன்றேகாலுக்கு ஏரி. இரு பக்கமும் கரையே தெரிந்து பழகிய நான், கரை இல்லாத தண்ணீரைப் பார்த்ததும் முதலில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் கருவேல மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன, கிளைகளில் நாரைகள். சாப்பிட்டு முடித்ததும் அம்மா துடுப்பை வாங்கிக்கொண்டாள். படகு அவளுக்கு அடங்காமல் ஒரே இடத்தில் வட்டம் போட்டது. பிறகு அடங்கியது. மரங்களைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். மாமாவின் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகியிருந்தது. அப்போது கிளம்பினால் சரியாக மூன்று மணிக்கு வீடு. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, “இன்னொரு சுத்து போவோமாடா?” என்று கேட்டாள், தம்பியிடம் அனுமதி கேட்கிற குரலில். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மணிக்குத்தான் திரும்பினோம். மாமா கரையில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா துடுப்பால் படகைக் கரையில் மோதாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். மதகைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தபோது, கரைப் புல்லுக்குக் கீழே ஈரமண் ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு சாண். மாமா நின்று ஆற்றைப் பார்த்தார். “என்னக்கா இது, யாரோ உறிஞ்சிக் குடிக்கிற மாதிரில்ல போவுது!” என்றார். கால் மணி நேரத்தில் படகின் வயிறு மணலை உரசியது. சேற்றில் கிடந்த கருவேல முள் ஏறியது. காற்று போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மூன்று பேரும் இறங்கினோம். மாமா படகைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். மீதி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை.

ஷட்டரில் அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் கடைமடைக்காரர் கோவிந்தராசு. அவருடைய நாற்றங்கால் வெடித்துப்போயிருந்தது; காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து தண்ணீருக்குக் காத்திருந்தாராம். கிழக்குக் கிளை நுரைத்துக்கொண்டு ஓடியது. முழங்கால்வரை சேறோடு நாங்கள் வருவதைப் பார்த்ததும் கோவிந்தராசு தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கினார். “வீட்டம்மா தண்ணியிலயா இருந்தாங்க? சொல்லியிருந்தா பொறுத்திருப்பனே லஸ்கரய்யா!”

“மூணு மணின்னா மூணு மணிதான்” என்றார் அப்பா.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அத்தான், சொந்தப் பொண்டாட்டி புள்ள ஆத்துல இருக்கையிலயா அடைப்பீங்க?”

“சொல்லி அனுப்பினேனே மாப்ள.” அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லலியா?”

அம்மா புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “அவ சொன்னா. எங்கிட்ட சொன்னா. நாந்தான் இன்னொரு சுத்து கேட்டேன்.” பிறகு கோவிந்தராசுவைப் பார்த்து, “ஒங்க நாத்துக்கு வந்து சேந்துடுமா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். அன்று அவளும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை.

மாமா படகை அம்மாவுக்கே விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் மூன்று ஆடிகளில் அம்மா அதில் ஏரிக்குப் போனாள், ஒவ்வொரு தடவையும் முறையை அப்பாவிடம் கேட்டுக்கொண்டு. நான்காம் வருடம் பரணில் ரப்பர் ஒட்டிக் கெட்டுப்போனது.

எனக்கு இப்போது ஐம்பது நடக்கிறது. அந்த ஷட்டர் பொத்தானை அழுத்தினால் இறங்குகிறது. எங்கள் வீட்டை இடித்துவிட்டார்கள். பெரிய ஏரியில் வாத்து வடிவப் படகுகள் விடுகிறார்கள். போன மாதம் அம்மாவை அழைத்துப் போனேன்; அரை மணி ஆனதும் கரையில் விசில் அடித்தார்கள். “அவ்வளவுதானா?” என்றாள். மிதவைச் சட்டையைக் கழற்ற உதவும்போது, அந்தச் சனிக்கிழமைச் செய்தியை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று அவளிடம் சொன்னேன். “தெரியும்டி. ஏரியில நீ அவன் வாட்சையே பாத்துக்கிட்டு இருந்தியே” என்றாள்.

அப்பா இல்லை. அவருடைய நோட்டுகள் பதினொன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஒரு வரி. ஆடி இருபத்தாறு, திங்கட்கிழமை வரியில் மட்டும் நேரம் 6-40 என்று இருக்கிறது. காரணம் எழுதவில்லை. எனக்குத் தெரியும், நான் கதவோரம் நின்று பார்த்தேன். அன்று காலை அவர் எழுந்ததும் அளவுகோலுக்குப் போகவில்லை. படகை வாசலில் விரித்து, மாமாவின் பம்பால் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, சைக்கிள் பஞ்சர் டப்பாவைத் திறந்து ஒட்டுப் போட்டார். காயும்வரை கட்டை விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.