வேற்றுக்கிரகத்தில் பேசிய தமிழ்

இருட்டில் ஒருவர் மட்டும் சிரித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திருப்பதியில் ஒரு தியேட்டர், மத்தியான ஆட்டம், தெலுங்கில் டப்பிங் செய்த இங்கிலீஷ் படம். தங்கள் மண் காய்ந்துபோன வேற்றுக்கிரக ஜனங்கள் பூமியில் வந்து இறங்குகிறார்கள். ஹாலே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்து சீட்டில் இருந்த மாமா, அதாவது என் அக்காவின் கணவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டதால் தப்பித்தேன்.

அந்த ஜனங்கள் பேசியது தமிழ். மெட்ராஸில் டப்பிங் செய்தவர்கள், ஆந்திராவில் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் நகரி ஊர்ப் பக்கத்துத் தமிழையே வேகமாக ஓட்டி, மூக்கால் பேசவைத்திருந்தார்கள். பச்சைத் தோலும் மூன்று விரலுமாக இருந்த தலைவன் விண்கலத்தின் கதவருகே நின்று, "இன்னாடா பாத்துக்கினு கீற, வந்து துன்னு" என்றான்.

அப்போது நாங்கள் இருவரும் ஒரு லாட்ஜில் ரூம் பாய். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் படுக்கை, மழை வந்தால் படிக்கட்டு. எட்டாவதோடு நின்று ஊர் ஊராகத் திரிந்த எனக்கு அது நல்ல இடம்தான். மாமாவுக்கு, வாசலில் உட்கார்ந்து ரூம் சாவி கொடுக்கும் கவுண்டர் வேலை கிடைப்பதாக இருந்தது. கவுண்டர்காரருக்குப் பின்கட்டில் ஓர் அறை உண்டு, அக்காவையும் குழந்தையையும் கூட்டிவந்துவிடலாம். ஆனால் முன்பிருந்த கவுண்டர்காரர் தமிழர். வருகிற தமிழர்களுக்கெல்லாம் சலுகை காட்டினார் என்று அவரை அனுப்பிவிட்டு, இனி அந்த சீட்டில் தமிழர் வேண்டாம் என்று ஓனர் சொல்லியிருந்தார். அதனால் மாமா தன்னைப் புத்தலப்பட்டுப் பக்கத்துத் தெலுங்குக்காரர் என்றே சொல்லிவைத்திருந்தார். மொட்டைமாடியில் கூட என்னிடம் தெலுங்கில்தான் பேசுவார்.

படம் விட்டதும் எதிரே டீக்கடை. லாட்ஜ் மேனேஜரும் சமையல்காரரும் எங்களோடு வந்திருந்தார்கள். சமையல்காரருக்கு அது மூன்றாவது தடவை. பேச்செல்லாம் தெலுங்கில், எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"மிருகங்கப்பா அதுங்க. ஒரே தட்டுல எல்லாம் கைய வுடுது. செத்தவனையும் கூடவே தூக்கிக்கினு வருது" என்றார் சமையல்காரர்.

"வுட்டுட்டு வர மனசில்ல, தூக்கிக்கினு வந்தாங்க. நீ உங்கப்பன் காரியத்துக்கே ஊருக்குப் போவல" என்றார் மேனேஜர். கடைக்காரர் கூடச் சிரித்துவிட்டார்.

"அது கிடக்கட்டும் சார். பேச்சு இருந்தாத்தான மனுசன். இதுங்களுக்கு ஏது பேச்சு, வெறும் அரவம்."

தெலுங்கில் தமிழுக்கு அரவம் என்று பேர். தமிழில் அரவம் என்றால் சத்தம். அவர் கேலிக்குத்தான் சொன்னார், நிஜமாகவே அது தமிழ் என்று அவருக்குத் தெரியாது.

மேனேஜர் மாமாவின் பக்கம் திரும்பினார். "நீ மட்டும் சிரிச்சியே, என்னாத்துக்கு?"

சும்மா என்று சொன்னால் போதும். சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கடைசில அந்தக் கூட்டத்துப் பொம்பள ஒருத்திய சுடறதுக்கு முன்னாடி, அவ புள்ளையப் பாத்து இன்னா சொன்னா தெரியுமா சார்? 'நான் துன்னுட்டேன், நீ துன்னு'ன்னு சொன்னா. அவ துன்னவே இல்ல, பொய் சொல்றா. படத்துல அவ உறுமறான்னு காட்டறான்."

"உனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் சமையல்காரர்.

"எங்க ஊட்டுப் பேச்சு அது."

மேனேஜர் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எங்களுக்கு முன்னால் லாட்ஜுக்கு நடந்தார்.

இப்போது அக்கா குடும்பம் நாயுடுபேட்டையில் இருக்கிறது. அங்கே கம்பெனி வேலைக்கு வந்த ஒரியாக்காரர்களும் பீகார்காரர்களும் தெருவில் நடந்தபடியே ஃபோனில் அவரவர் பேச்சில் கத்திப் பேசுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்குத் திருப்பதியில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

படம் பார்த்த மறுநாள் காலை கவுண்டரில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் மாமாவைப் பார்க்காமல் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா நேரே லாட்ஜ் வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஊரில் பக்கத்து வீட்டு ஃபோனுக்குப் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னார். கண்ணாடிக் கதவைச் சாத்தவில்லை.

"ரூம் இல்லன்னுட்டாங்க" என்றார் தமிழில். அக்கா ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"பேசிட்டேன்... இன்னாத்தப் பேசறது, நம்ம பேச்சத்தான் பேசனேன்."

கவுண்டர்வரை கேட்டது.

"அழுவாத. நாயுடுபேட்டைல பாத்துட்டு வந்து கூப்புடறேன். துணிமணிய கட்டி வை."