போறன் என்று சொல்லக்கூடாத குழு

1. ஒரு கணினி விளையாட்டின் மூன்றாம் பாகம் முடிகிற இடத்தில், நாயகி ஒரு காலைப் படகிலும் மறு காலைக் கரையிலும் வைத்து நின்றாள்.
2. திரையின் அடியில் தமிழில் ஒரு வரி வந்தது: "நான் போட்டு வாறன்."
3. போய்விட்டு வருகிறேன் என்கிற அந்த வரியை நம்பி எங்கள் குழு நான்காம் பாகத்துக்காகக் காத்திருந்தது.
4. நான்காம் பாகம் வராது என்று தயாரித்த நிறுவனம் அறிவித்தது.
5. வரியை எழுதிய அட்மின் அக்கா, அதே சொற்களை எங்களுக்கும் எழுதிவிட்டுப் போனார். பிறகு குழுப் பக்கம் வரவில்லை.

இப்படி இலக்கமிட்டு எழுதுவது என் தொழிற்பழக்கம். கிளிநொச்சியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. என்ன செய்தோம், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினால் பிழை தானாகத் தெரியவரும். இந்த ஐந்தில் மட்டும் எதைப் பிழை என்று குறிப்பதென்று எனக்கு நெடுநாள் தெரியவில்லை.

அட்மின் அக்கா உடையார்கட்டு என்ற ஊரில் இருந்தார். காலையில் முன்பள்ளி ஆசிரியை. மாலையில், கணினி விளையாட்டுகளின் கதையைப் பற்றிப் பேசுவதற்கென்றே அவர் தொடங்கிய இணையக் குழுவின் நிர்வாகி. "கதைக்கிறதுக்கு ஒரு இடம்" என்று முகப்பில் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் கதை என்றால் பேச்சும்தான் என்பதால், சேர்ந்தவர்களில் பாதிப்பேர் வெறும் வாயலட்டலுக்கு வந்தவர்கள் என்று அவரே சிரிப்பார். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. வில்லன் ஏன் கடைசியில் மன்னித்தான், அந்தத் தாய் ஏன் கதவைத் திறக்கவில்லை என்றுதான் சண்டை நடக்கும்.

அவரை நேரில் ஒரே ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். மூன்றாம் பாகத்தை வாங்கிவிட்டேன், தரவிறக்க டேட்டா போதவில்லை என்று நான் குழுவில் புலம்பியிருந்தேன். அடுத்த சனிக்கிழமையே ஸ்கூட்டியில் கிளிநொச்சி வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே இருக்கையைத் தூக்கி, துவாயில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு கட்டு முருங்கைக்காயையும் சேர்த்து நீட்டினார். "காய் அம்மா தந்துவிட்டவா. ரெண்டையும் வெயிலில வைச்சிடாதேங்கோ பிள்ளை." தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன். "இல்லையப்பா, நேரத்துக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்" என்று புறப்பட்டுவிட்டார்.

அவருடைய அம்மாவை நாங்கள் எல்லோரும் குரலால் அறிவோம். ஞாயிறு பின்னேரங்களில் குழுவின் குரல் அறையில் கூடுவோம். அக்காவின் மைக் வழியாகக் குசினியின் சமையல் சத்தம் முழுவதும் எங்களுக்குக் கேட்கும். யாராவது விடைபெறும்போது "சரி, நான் போறன்" என்று சொல்லிவிட்டால் போதும், தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிடும். "ஆரது போறன் எண்டுறது? வாறன் எண்டு சொல்லச் சொல்லு!" வவுனியாவில் கைபேசி திருத்துகிற ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான், ஊர்க்குருவி என்ற பெயரில். அந்த ஏச்சைக் கேட்பதற்காகவே அவன் வேண்டுமென்று "போறன்" என்பான். ஏச்சு வாங்கிய பிறகுதான் அவனுக்கு ஞாயிறு நிறையும்.

அந்த ஏச்சின் காரணத்தை அக்கா ஒரு தடவை மட்டும் சொன்னார். அவருடைய அண்ணா ஒருநாள் வீட்டில் கோபித்துக்கொண்டு, "நான் போறன்" என்று படலையைத் தாண்டியவர். யுத்தம் முடிந்து, முகாம்களில் இருந்து ஊரெல்லாம் திரும்பி வந்த பிறகும் அவர் வரவில்லை.  

ஆங்கிலத்தில் வந்த மூன்றாம் பாகத்துக்குக் குழுவாகச் சேர்ந்து தமிழ் வரிகள் எழுதினோம். வரிகளை விளையாட்டுக்குள் பொருத்துகிற வேலை என்னுடையது. நீரில் மூழ்கிய தன் ஊரைத் தேடி அலைகிற நாயகி, கடைசியில் தனியே படகேறுகிறாள். ஆங்கிலத்தில் அவள் சொல்வது, புறப்படுகிறேன் என்பதற்குமேல் ஒன்றுமில்லை. அக்கா அதை "நான் போட்டு வாறன்" என்று எழுதினார். தமிழில் வேறு எப்படி எழுதுவது? வீட்டைவிட்டு இறங்குகிற எவரும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

வந்தது வினை. உலகமெங்கும் மற்ற ரசிகர்கள் அவள் சாகப்போகிறாள் என்று அழுதுகொண்டிருக்க, எங்கள் குழு மட்டும் அவள் எப்போது, எந்தக் கரைக்குத் திரும்புவாள் என்று விவாதித்தது. ஊர்க்குருவி பெரிய ஆங்கிலக் குழு ஒன்றில் நீண்ட கட்டுரையே போட்டான்: அவள் வருவாள், தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். எங்கே சொன்னாள் என்று அவர்கள் கேட்டார்கள். இவன் தமிழ் வரியைப் படம் பிடித்துப் போட்டான்.

அதனால் நான்காம் பாகம் கைவிடப்பட்டபோது கோபம் அக்காமேல் திரும்பியது. "அக்கா, கொம்பனி எங்களை ஏமாத்தேல்லை. நீங்கள்தான் ஏமாத்திப்போட்டியள்" என்றான் ஊர்க்குருவி. பலர் வரியை மாற்றச் சொன்னார்கள். "மாத்துறதெண்டால் மாத்துங்கோ. 'போறன்' எண்டே போடுங்கோ. ஆனா என்ர அம்மா பக்கத்தில நிக்கேக்க அந்த இடத்தை விளையாடிப்போடாதேங்கோ, மடிக்கணினி மிஞ்சாது" என்று அக்கா சிரித்தார். அந்த வாரத்திலேயே எழுதினார்: "அம்மாவுக்கு ஏலாது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். நான் போட்டு வாறன்."

அதன்பின் பல மாதங்கள் அவரிடமிருந்து ஒன்றுமில்லை. அழைத்தால் தொலைபேசியை எடுக்கவில்லை. வரியை மாற்று, மாற்று என்று எனக்குச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. கோப்பைத் திறப்பேன். ஒரு சொல்லை அழித்து இன்னொன்றைத் தட்ட எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த அம்மா கட்டிலில் கிடக்கிற நேரத்தில் "போறன்" என்று என் கையால் எழுத மனம் வரவில்லை. படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று கேட்டால், யோசித்தேன் என்பதுதான் பதில். "அக்கா வரட்டும், கேட்டு மாத்துவம்" என்று எல்லோருக்கும் எழுதினேன்.

குரல் அறையை மட்டும் மூடவில்லை. கொம்பனி சொல்லாத நான்காம் பாகத்தை நாங்களே வாய்க்கு வந்தபடி சொல்லத் தொடங்கினோம். ஒவ்வொரு ஞாயிறும் ஊர்க்குருவி விடைபெறும்போது "சரி, நான் போறன்" என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தாமதிப்பான். யாரும் ஏசமாட்டார்கள். பிறகு வெளியேறுவான். இப்போது அவன் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு, எங்கள் கதையில் படகு ஆனையிறவு உப்பளத்தருகே கரைதட்டியிருந்தது. "வெறுங்காலோட உப்பில இறங்கினா எரியுமெல்லோ, அவளுக்குச் செருப்பு ஆர் குடுத்தது?" என்று ஒருத்தி மறித்தாள். அந்தச் சண்டை அடங்கியதும் ஊர்க்குருவி, "சரி, நான் போறன்" என்றான். வழமைபோல் தாமதித்தான். ஒரு மைக் திறந்தது. பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு, முன்பைவிட மெலிந்த ஒரு குரல்: "அந்தக் குருவிக்கு இன்னும் கதைக்கத் தெரியாதோ? வாறன் எண்டு சொல்லச் சொல்லு பிள்ளை!"

"போட்டு வாறன் அம்மா" என்றான் அவன். சொல்லிவிட்டு, போகவே இல்லை.

"என்ன, வரியை மாத்திப்போட்டியளோ?" என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன்.

இன்றைய நிலை இது. கொம்பனியின் நான்காம் பாகம் வராது. எங்களுடையதில் நாயகி உப்பளத்தில் இறங்கிவிட்டாள். செருப்புப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. அக்காவின் அம்மா மருந்து குடிக்கிறார், தேங்காய் துருவுகிறார், ஏசுகிறார். மூன்றாம் பாகத்தின் முடிவில், ஒரு காலைப் படகில் வைத்தபடி அவள் சொல்வது முன்பு சொன்ன அதே வரிதான். இனி அதை மாற்றச் சொல்லி எவரும் கேட்பதில்லை.